பரிசு ஒருவருக்குத்தான் என்று தெரிந்தும் திறந்த புத்தாக்கச் சவால்களில் பலர் உழைப்பது ஏன்?

நிறுவனங்கள் பொதுவில் முன்வைக்கும் சிக்கல்களுக்கு, கைக்கு எதுவும் வராமல் போகலாம் என்று அறிந்தே பலர் மாதக்கணக்கில் தீர்வு தேடுவதன் காரணத்தைக் கேட்டிருக்கிறீர்கள். பணம் ஈர்க்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கும் வழிக்கு 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தபின், ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன், கப்பலிலும் நேரம் தவறாத கடிகாரமே அதற்கு வழி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடிகாரங்களைச் செய்து பல பத்தாண்டுகள் அதிலேயே மூழ்கிக் கிடந்ததைப் பரிசுத்தொகையால் மட்டும் விளக்கிவிட முடியாது.

சிக்கலே மனிதரைப் பிடித்துக்கொள்கிறது என்பதே என் கணிப்பு. பயனர்களின் திரைப்பட மதிப்பீடுகளை முன்கணிக்கும் துல்லியத்தை 10 விழுக்காடு உயர்த்துவோருக்கு 10 லட்சம் டாலர் என்று 2006-இல் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்த போட்டியில், தரவரிசைப் பட்டியலில் ஏறும் ஒவ்வொரு சிறு புள்ளியும் அடுத்த முயற்சிக்கு உந்துதலாயிற்று. எதிரெதிரே நின்ற குழுக்கள்கூட ஒன்றிணைந்தன. 2009-இல் இறுதியில் இரு குழுக்கள் சமநிலையில் நின்றபோது, சுமார் 20 நிமிடம் முந்தி அனுப்பிய குழுவுக்கே பரிசு கிடைத்தது.

சக வல்லுநர்களின் மதிப்பும் வேலைவாய்ப்பும் உண்டுதான். அவற்றைவிட ஆழமானது, தன் துறையில் அன்றாடம் கையாளும் அறிவு வேறொரு துறையின் முடிச்சை அவிழ்க்கும் என்ற மகிழ்ச்சி. அலாஸ்காவின் எண்ணெய்க் கசிவை அகற்றும் பணியில், குளிரில் உறையும் எண்ணெயைக் குழாயில் ஓடவைக்கும் வழியைச் சொன்னவர் எண்ணெய்த் துறையைச் சேர்ந்தவரல்லர். கான்கிரீட் இறுகாதிருக்க அதை அதிரவைக்கும் கருவியை அறிந்திருந்தவர்.