பழைய வில்லிஸ் ஜீப் பிக்கப்பில் ஸ்டியரிங் ஆடுகிறது, ஸ்டியரிங் காலமையே (column, வீலைத் தாங்கும் குழாயும் அச்சும்) மாற்ற வேண்டுமா?

ஸ்டியரிங் வீல் மேலும் கீழும் ஆடுகிறது, மெக்கானிக் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்.

வீலைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து, திரும்ப அழுத்துங்கள். அச்சோடு சேர்ந்து நகர்ந்தால், அதன் அடியில் உள்ள ஸ்டியரிங் கியர் பெட்டிக்குள் இருக்கும் பேரிங்குகளில் இடைவெளி. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் குழாயின் மேல்முனை பேரிங் தேய்ந்திருக்கிறது. அது சின்ன வேலை. இரண்டும் இல்லாமல் திருப்பும்போது மட்டும் தளர்வு என்றால் டிராக் லிங்க் (பெட்டியிலிருந்து முன்சக்கரங்களின் பக்கம் போகும் கம்பி) முனைகளைப் பாருங்கள்.

முதல் வகைக்கு, காலமின் அடித்தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ஷிம்கள், அதாவது காகிதம் போல மெல்லிய தகடுகள், இருக்கும். டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஆட்டம் நின்று, வீல் லேசாகச் சுற்ற வேண்டும். அதன் பிறகுதான் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ. வீல் நேராக இருக்கும்போது மட்டுமே அதை முறுக்குங்கள். உள்ளிருக்கும் கேம் (அச்சின் அடிமுனையில் உள்ள, சுருள் பள்ளம் வெட்டிய உருளை) நடுவில்தான் இறுக்கமாக இருக்கும். ஓரத்தில் வைத்து முறுக்கினால் நேராக ஓட்டும்போது பிடித்துக்கொள்ளும், அது ஆபத்து.

கேமின் பள்ளத்தில் ஓடும் லீவரின் முளைகள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் எந்த அட்ஜஸ்ட்மென்டும் நிலைக்காது, லீவரை மாற்றியே ஆக வேண்டும். வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தேடும்போது பழைய லீவரைக் கையோடு கொண்டுபோங்கள்.

வீலைக் கழற்றுமுன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள், ஹாரன் வயர் அச்சுக்குள் போகிறது. புல்லர் (வீலை இழுத்துக் கழற்றும் கருவி) போட்டே எடுங்கள். சுத்தியலால் தட்டவே வேண்டாம்.