நுண்ணிய நேரத்தைக் கணினி எங்கிருந்து எடுக்கிறது? கேள்வி பதில்

கல்லடியிலிருந்து ஒரு மாணவி: அண்ணா, பைத்தனில் டைம்.டைம் வைத்து என் சோர்ட்டிங் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்தேன். ஒருமுறை மைனஸில் வந்தது, ஏன்?

தங்கச்சி, அது தேதியோடு சேர்ந்த நேரம். இணைய நேரத்தோடு சரிசெய்யும்போது சிஸ்டம் அதைப் பின்னுக்கும் தள்ளும், உங்கள் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் அது நடந்தால் மைனஸ்தான் வரும். இடைவெளியை அளக்க டைம்.பெர்ஃப்_கவுண்டர் பாவியுங்கள், அது பின்னால் போகவே போகாது.

கல்முனையிலிருந்து: அண்ணன், பெர்ஃப்_கவுண்டர் தருகிற அந்த எண் எந்த வன்பொருளில் இருந்து வருகுது?

நல்ல கேள்வி தம்பி, இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும். பழைய பிசி டைமர் ஓடுவது 1.193182 மெகாஹெர்ட்ஸில், மின்சக்தி நிர்வாகத்துக்கான ஏசிபிஐ டைமர் சரியாக அதன் மூன்று மடங்கில், அதாவது 3.579545. இந்த விசித்திரமான எண் அமெரிக்கக் கலர் டிவியின் அலைவரிசையில் இருந்து வந்தது. பிறகு வந்த எச்பிஇடி என்ற டைமர் குறைந்தது 10 மெகாஹெர்ட்ஸ். ஆனால் இவையெல்லாம் ப்ராசசர் கோருக்கு (கட்டளைகளை ஓட்டும் பகுதிக்கு) வெளியே இருப்பதால் ஒருமுறை வாசிக்கவே நேரம் பிடிக்கும். 1993இல் பென்டியத்தோடு வந்த டிஎஸ்சி (டைம் ஸ்டாம்ப் கவுண்டர்) கோருக்குள்ளேயே இருக்கிற 64 பிட் கவுண்டர், ஆர்டிடிஎஸ்சி என்ற ஒரே கட்டளையில் வாசிக்கலாம். ஆரம்பத்தில் ப்ராசசர் வேகம் குறைந்தால் அதுவும் மெதுவாக எண்ணியது, கோருக்குக் கோர் வித்தியாசமும் வந்தது. இப்போதைய ப்ராசசர்களில் வேகம் மாறினாலும் அது ஒரே சீராகவே எண்ணும்.

வந்தாறுமூலையிலிருந்து: அப்படியென்றால் ஆர்டிடிஎஸ்சியை நானே நேரடியாக எழுதலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். ப்ராசசர் கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டும், நீங்கள் அளக்க நினைத்த வேலை முடியும் முன்னமே நேரத்தை வாசித்துவிடலாம், அதைத் தடுக்க எல்ஃபென்ஸ் என்ற தடுப்புக் கட்டளை போட வேண்டும். வருகிற எண்ணும் நொடி இல்லை, வெறும் எண்ணிக்கை. லினக்ஸில் க்ளாக்_கெட்டைம், மோனோடோனிக் (பின்னால் போகாத) கடிகாரத்தோடு கேட்டால், கர்னலுக்குள் (சிஸ்டத்தின் மையப் பகுதிக்குள்) போகாமலே அதே டிஎஸ்சியை வாசித்து நானோநொடியாக மாற்றித் தரும். டிஎஸ்சி நம்பிக்கையில்லை என்று கர்னல் கண்டால் எச்பிஇடி போன்ற வேறொரு டைமருக்கு மாறிவிடும், வாசிப்பு திடீரென்று மெதுவானால் முதலில் கரண்ட்_க்ளாக்சோர்ஸ் என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: வின்டோஸில் நேரம் அளக்கப் பாவிக்கிற கெட்டிக்கவுண்ட் எனக்கு 0 அல்லது 16 மட்டும்தான் காட்டுது.

அதன் நுணுக்கமே 10 முதல் 16 மில்லிநொடி வரைதான். குவெரிபெர்ஃபாமன்ஸ்கவுண்டருக்கு மாறுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வாசித்த எண்களின் வித்தியாசத்தை குவெரிபெர்ஃபாமன்ஸ்ஃப்ரீகுவன்சி தரும் எண்ணால் வகுத்தால் நொடி வரும். பல மெஷின்களில் அது 1 கோடி என்று இருக்கும், அதை நம்பி கோடில் நேரே எழுதிவிடாதீர்கள், அடுத்த மெஷினில் கணக்குப் பிழையாகிவிடும்.