செத்த டிவிதான் ஷாக் அடிக்கும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் ஆன் ஆகாத டிவியைத் திறந்தேன். பவர் போர்டில் கை பட்டதும் தூக்கி அடித்தது. கரண்டே இல்லாதபோது எப்படி? (பழனி)

ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தால், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் மெயின் கண்டன்சரில் மிச்சமிருக்கும் சார்ஜை அந்த செட்டே சில நொடிகளில் தின்றுவிடும். உங்களுடையது டெட் செட். பவர் ஐசி ஓடவில்லை, தின்ன ஆள் இல்லை. 230 வோல்ட் ஏசி, பிரிட்ஜ் என்ற டையோடுக் கூட்டத்தைத் தாண்டியதும் சுமார் 320 வோல்ட் டிசி ஆகி அந்தக் குண்டுக் கண்டன்சரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பெரிய செட்டில் பிஎஃப்சி (வோல்டேஜை ஏற்றிக்கொடுக்கும் பகுதி) இருந்தால் 390 வரை போகும். வடித்துவிடும் ரெசிஸ்டர் திறந்துபோயிருந்தால் மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். மீட்டரை டிசி 600 அல்லது 1000 வோல்ட்டில் வைத்து, கண்டன்சரின் இரு கால்களிலும் அளந்து பாருங்கள். 30 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், 2.2 கிலோ ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயரும் கிளிப்பும் போட்டு, நாலைந்து நொடி பிடியுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்வதைத் திறமை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வெடிப்பில் டிராக் கிளம்பும், முனை வழுக்கிப் பக்கத்து ஐசியும் போகும். போர்டைத் தொடுமுன் அளந்து பாருங்கள். இதை இன்னும் இரண்டு மூன்று இடத்தில் சொல்லப்போகிறேன்.

டிவி வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

மாடல் எழுதவில்லை. எத்தனை இஞ்ச் என்று எழுதவில்லை. ஸ்டாண்ட்பை லைட் எரிகிறதா, சத்தம் வருகிறதா, மழை இடியில் போனதா, தானாகப் போனதா, ஒன்றும் எழுதவில்லை. முதலில் ரிமோட் பேட்டரியையும் சுவர் ஸ்விட்சையும் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.

உடம்பில் சேரும் ஸ்டேட்டிக் சார்ஜ் போர்டைக் கெடுக்கும் என்ற பயத்தில், மணிக்கட்டில் கட்டி எர்த்தில் இணைக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப் வாங்கினேன். அதோடு வந்த சுருள் ஒயர் எட்டவில்லை. அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஒயர் போட்டு, மூன்று பின் பிளக்கின் எர்த்தில் கொடுத்திருக்கிறேன். டிவியை ஆன் செய்து வோல்டேஜ் பார்க்கும்போதும் கட்டிக்கொள்ளலாமா? (கோவை)

கூடாது. இப்போதே கழற்றிப் போடுங்கள்.

அந்தச் சுருள் ஒயரின் தலைப்பில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் உள்ளே வைத்து மூடப்பட்டிருக்கிறது. ஒருவேளை 230 வோல்ட்டில் கை பட்டாலும், ஸ்ட்ராப் வழியாக உடம்பில் ஓடுவது கால் மில்லி ஆம்பியரைத் தாண்டாது. ஸ்டேட்டிக் இறங்க அந்த ரெசிஸ்டர் தடையே இல்லை, கண் இமைக்குமுன் வடிந்துவிடும். நீங்கள் தூக்கி எறிந்தது ஒயரை அல்ல, அந்த ரெசிஸ்டரை. இப்போது உங்கள் மணிக்கட்டு நேரடியாக எர்த்தில் கட்டப்பட்டிருக்கிறது. மறு கை ஹாட் பக்கத்தில் (மெயின் கரண்டோடு நேரடியாகச் சேர்ந்த பகுதி) பட்டால் 320 வோல்ட்டும் நெஞ்சைக் கடந்துதான் போகும்.

ரெசிஸ்டர் ஒழுங்காக இருந்தாலும் ஓடும் செட்டில் ஸ்ட்ராப் கட்டாதீர்கள். கிளிப் கழன்று பிரிட்ஜ் மேல் விழலாம். ஷாக் அடித்தால் கையை உதறிப் பின்வாங்க வேண்டும், கட்டிப்போட்ட கையால் அது முடியாது. ஸ்டேட்டிக்குக்கு உடம்பு எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். கரண்டுக்கு உடம்பு எர்த்தை விட்டு விலகியிருக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர் விதி. கடைகளில் ஸ்ட்ராப் விற்கிறவர்களும் இதைச் சொல்வதில்லை, வகுப்பு எடுக்கிறவர்களும் சொல்வதில்லை. ஒரு கையில் ஸ்ட்ராப், மறு கையில் மீட்டர் முனை என்று படம் வேறு போடுகிறார்கள்!

வரிசை இதுதான். பிளக் வெளியே. மெயின் கண்டன்சரை அளந்து பார். வடித்துவிடு. அதன்பிறகு ஸ்ட்ராப் கட்டு, ரிப்பனைக் கழற்று, போர்டை மாற்று. மறுபடி கரண்டு கொடுக்குமுன் ஸ்ட்ராப்பைக் கழற்று. ஓடும் செட்டில் அளக்கும்போது காலுக்கு உலர்ந்த ரப்பர் மேட், ஒரு கை பின்னால்.

வீட்டு எர்த்தில் நம்பிக்கை இல்லையா? பல வீடுகளில் அந்த மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம்தான். பிளக் பிடுங்கிய டிவியின் தகரச் சட்டத்திலேயே ஸ்ட்ராப் கிளிப்பை மாட்டுங்கள். நீங்களும் செட்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் குதிக்க இடமில்லை. புது போர்டை உறையிலிருந்து எடுக்குமுன், உறையை ஒருமுறை அந்தச் சட்டத்தின் மேல் வைத்து எடுங்கள். ஸ்ட்ராப்பையும் மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள்: உள்பக்கத் தகட்டுக்கும் கிளிப்புக்கும் இடையே 1 மெகா ஓம் சுமாராகக் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் குப்பை. ஒன்றும் காட்டாவிட்டால் அது வெறும் வளையல், ஸ்ட்ராப் இல்லை.

‘கடலோர ஊரில், இந்தப் புழுக்கத்தில் ஸ்டேட்டிக் ஏது?’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஏசி ஓடும் அறையில் பாலியஸ்டர் சட்டையோடு நாற்காலியை விட்டு எழுந்து பாருங்கள். விரலில் சுரீரென்று தெரிய 3,000 வோல்ட் வேண்டும். மெமரி ஐசியும், பேனல் ஓரத்து ஃபிலிமில் ஒட்டியிருக்கும் சிப்பும் சில நூறு வோல்ட்டிலேயே காயப்படும். உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். உடனே சாகாமல், இரண்டு மாதம் கழித்து ஒரு செங்குத்துக் கோடாக வந்து நின்றால், பழி பேனல்மேல்தான் விழும்.

போர்டைத் தெர்மாகோல் மேல் வைக்காதீர்கள், பாலிதீனில் சுற்றாதீர்கள். இளஞ்சிவப்புக் கவர், தான் ஸ்டேட்டிக் உண்டாக்காது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. தடுப்பது வெள்ளி நிறக் கவர். அதை விரித்து, அதன்மேல் போர்டை வைத்து ஆன் செய்து பார்க்கிறவர்களும் உண்டு. அந்தப் பூச்சில் கரண்டு ஓடும்! சால்டரிங் அயர்ன் மூன்று பின் உள்ளதாக இருக்கட்டும். இரண்டு பின் அயர்னின் முனையில் டெஸ்டரை வைத்தால் பாதி நேரம் எரியும். அந்த முனையோடு பிராசசர் பக்கம் போகாதீர்கள்.

டிவியின் பின் தகரத்தைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது. செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ வயரைச் செருகும்போது பொறி வந்தது, அந்த போர்ட் அன்றோடு போய்விட்டது. (திருநெல்வேலி)

இரண்டும் ஒரே கதை. ஹாட் பக்கத்துக்கும் அதிலிருந்து பிரிக்கப்பட்ட கோல்டு பக்கத்துக்கும் நடுவே நீல வில்லை போல ஒரு ஒய் கண்டன்சர் இருக்கிறது, பெரும்பாலும் 222 என்று போட்டிருக்கும். இரண்டு பின் செட்டில் அதன் கசிவு போக இடமில்லாமல் தகரம் 100 வோல்ட் அருகே மிதக்கும். கரண்டு கால் மில்லி ஆம்பியருக்கும் கீழேதான், ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் செட்டாப் பாக்ஸின் அடாப்டரும் அப்படியே மிதக்கிறது. கேபிள் வயரின் வலையோ தெருவிலுள்ள எல்லா வீட்டுக் கசிவையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. எச்டிஎம்ஐ செருகும் நொடியில் தரைப் பின்னுக்கு முன் சிக்னல் பின் தொட்டுவிட்டால், அத்தனையும் பிராசசர் காலில் இறங்கும்.

இரண்டு பிளக்கையும் பிடுங்கி, கேபிள் வயரையும் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ மாட்டுங்கள், பிறகு கரண்டு கொடுங்கள். ஒய் கண்டன்சரை மாற்ற நேர்ந்தால் ஒய்1 அல்லது ஒய்2 என்று அச்சிட்டதைத்தான் போட வேண்டும். சாதாரண டிஸ்க் கண்டன்சர் ஷார்ட் ஆனால் தகரத்திலும் ஆன்டெனாவிலும் மெயின் கரண்டு நிற்கும். அப்போது இழுப்பது ஜிவ்வென்று இருக்காது.

ஃப்யூஸ் போட்டவுடன் போகிறது. 3.15 ஆம்பியருக்குப் பதில் 10 போடலாமா? கம்பி? (அரியலூர்)

இரண்டும் வேண்டாம். ஃப்யூஸ் போவது நோய் இல்லை. பிரிட்ஜ், மாஸ்ஃபெட் (பவரை ஸ்விட்ச் செய்யும் டிரான்சிஸ்டர்), எம்ஓவி (வோல்டேஜ் எகிறினால் தாங்கும் வில்லை) மூன்றையும் ஷார்ட்டுக்குப் பாருங்கள். அளக்குமுன் கண்டன்சரை வடித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சொல்கிறேன். மாற்றிய பிறகு 100 வாட் குண்டு பல்பை பேஸ் லைனில் சீரீஸாகப் போட்டு ஆன் செய்யுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, பளிச்சென்றே நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. சீரீஸ் பல்ப் ஃப்யூஸைக் காக்கும், உங்களைக் காக்காது.

பவர் போர்டில், வோல்டேஜ் அலையைப் படமாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் கிளிப்பை வைத்ததும் வெடித்தது. (சேலம்)

வெடிக்கத்தான் செய்யும். அந்தக் கிளிப் எர்த். ஹாட் பக்கத்துத் தரை எர்த் அல்ல. மெயினிலிருந்து செட்டைப் பிரிக்கும் 230-க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், 32 இஞ்சுக்கு 200 விஏ போதும், டிவிக்குப் போடுங்கள், ஸ்கோப்புக்கு அல்ல. ஸ்டெபிலைசரில் இருப்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அது பிரிக்காது.

32 இஞ்ச் எல்இடி. சத்தம் வருகிறது, படம் இல்லை. பேனல் போச்சு என்கிறார்கள். (விழுப்புரம்)

அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்வாகத் திரையில் அடியுங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் போயிருக்கிறது. பேனல் விலை சொன்னவரிடம் இந்த டார்ச்சைக் காட்டுங்கள்.

ஒரு எல்இடி மட்டும் போயிருந்தாலும் ஸ்ட்ரிப்பை செட்டாக மாற்றுங்கள். மற்றவையும் அதே சூட்டில் வெந்தவைதான், வரிசையாகப் போகும். 3 வோல்ட் எல்இடியா, 6 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். எல்இடி டெஸ்டரின் முனைகளில் லோடு இல்லாதபோது 300 வோல்ட் வரை நிற்கும், இரண்டையும் சேர்த்துப் பிடிக்காதீர்கள். ஸ்ட்ரிப்பைத் தட்டில் ஒட்டச் சூடு கடத்தும் தெர்மல் டேப் வேண்டும். ஸ்டேஷனரிக் கடை டபுள் டேப்பில் சூடு இறங்காது, நான்கு மாதத்தில் திரும்ப வருவீர்கள். பேக்லைட்டை ஓட்டும் டிரைவர் ஐசி பக்கத்தில், கரண்டை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டர் ஒரே மதிப்பில் மூன்று இணையாக இருந்தால், ஒன்றை எடுத்துவிடுங்கள். கரண்டு மூன்றில் ஒரு பங்கு குறையும், வெளிச்சம் குறைந்தது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆயுள் கூடும்.

கஷ்டம் கண்ணாடியைத் தூக்குவதில்தான். இரண்டு பேர் வேண்டும். முதலில் ஓரத்து நீளப் பட்டை போர்டின் திருகைக் கழற்றி, ஃபிலிம் தொங்காமல் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள். மடிந்த ஃபிலிம் திரும்ப வராது. தட்டையான மேஜையில் பருத்தித் துணி விரித்து வையுங்கள், சிந்தெட்டிக் படுக்கை விரிப்பில் அல்ல.

திரையில் கிளீனர் அடித்துத் துடைத்தேன். மறுநாள் கீழ்ப்பாதியில் கோடுகள். (மதுரை)

திரவம் வழிந்து கீழ் ஓரத்துச் சிப்பில் இறங்கிவிட்டது. பிளக்கைப் பிடுங்கி இரண்டு நாள் உலர விடுங்கள். சில செட்டுகள் பிழைத்துவிடும். இனி, துணியில் சொட்டு டிஸ்டில்டு வாட்டர் போட்டுத் துடைக்க வேண்டும். திரையில் எதையும் நேரடியாக அடிக்கக் கூடாது.

2006-இல் தொடங்கிய அரசு இலவசத் திட்டத்தில் வந்த 14 இஞ்ச் கலர் டிவி. நடுவில் ஒரே படுக்கைக் கோடு. தாத்தா தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார். (தருமபுரி)

தாத்தா சொல்வது சரி, இது 100 ரூபாய் சங்கதி. படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் ஐசியின் கால்களில் டிரை சால்டர் (விரிசல் விட்ட ஈயப் பற்று), இல்லாவிட்டால் அதற்கு சப்ளை தரும், ஃப்யூஸ் போலவே எரிந்துபோகும் ஃப்யூசிபிள் ரெசிஸ்டர், இல்லாவிட்டால் ஐசியே. ரெசிஸ்டர் போயிருந்தால் ஐசி ஷார்ட்டா என்று பார்த்த பிறகே புதிது போடுங்கள். அதுவரை பிரைட்னஸைக் குறைத்து வையுங்கள், அந்தக் கோடு திரையின் பாஸ்பர் பூச்சைத் தீய்த்துவிடும்.

பழைய குழாய் என்பதால் இன்னொரு எச்சரிக்கை. படக்குழாயில் ஒட்டியிருக்கும் ஆனோட் கேப் என்ற ரப்பர் தொப்பியின் அடியில் 20,000 வோல்ட் உட்கார்ந்திருக்கலாம். ஒயரின் ஒரு முனையை முதலில் குழாயின் பின்னால் கறுப்புப் பூச்சின்மேல் ஓடும் பின்னல் கம்பியில் மாட்டுங்கள், மறு முனையை நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கம்பியில். ஒரே கையால் ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழையுங்கள். டப் என்று கேட்கும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் செய்யுங்கள், கண்ணாடி கொஞ்சம் சார்ஜைத் திருப்பித் தரும். மெயின் கண்டன்சர் போல இங்கே ரெசிஸ்டர் வைக்கவில்லையே என்று கேட்க வேண்டாம். இது கொள்ளளவில் மிகச் சிறியது. போர்டுத் தரையில் மட்டும் இறக்காதீர்கள், ஐசிகள் சாகும். கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். உள்ளே வெற்றிடம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

யுனிவர்சல் போர்டு போட்டேன். ஆன் செய்ததும் பேனலிலிருந்து புகை. (ஈரோடு)

எல்விடிஎஸ் ஜம்பர் (பேனலுக்கு எத்தனை வோல்ட் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பு) 12 வோல்ட்டில் இருந்திருக்கும், பேனல் 5 வோல்ட்டாக இருந்திருக்கும். பேனல் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைத் தேடினால் ஒரு நிமிட வேலை. ரிப்பனை மாட்டுமுன் ஜம்பர் முனையில் மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் பேனல் தப்பித்திருக்கும். இப்போது பேனலை இயக்கும் டி-கான் போர்டின் ஃப்யூஸைப் பாருங்கள், அதோடு போயிருந்தால் அதிர்ஷ்டம்.

ஸ்டாண்ட்பை லைட் விட்டு விட்டு எரிகிறது, பத்து நிமிடம் கழித்துத் தானாக ஆன் ஆகிறது. (நாகர்கோவில்)

பவர் போர்டு டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கமான செகண்டரியில் 12 வோல்ட் லைன் கண்டன்சர் காய்ந்துவிட்டது. தலை உப்பியிருந்தால் ஐயமே இல்லை, உப்பாமலும் காயும். 1000 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் தடை குறைந்தது). பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அதற்கு முன் மெயின் கண்டன்சரை அளந்து பாருங்கள்.