நாடகத்தை நடுவில் நிறுத்துங்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில், மெக்சிகோ வழிவந்த பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களின் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு இளைஞர் மையத்தில் தன்னார்வலராக உதவுகிறேன். நீரிழிவு, மனச்சோர்வு பற்றிய வகுப்புகளில் யாருமே வாய் திறப்பதில்லை. நாடகம் பயன்படுமா?

பதில்: நிச்சயம் பயன்படும். உங்களுக்கான முன்மாதிரி தெற்கே டெலானோவிலேயே இருக்கிறது. 1965-இல் அங்கு திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, லூயிஸ் வால்டெஸ் ‘எல் தியாத்ரோ காம்பெசினோ’ என்னும் உழவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். தொழிலாளர்களே நடித்தார்கள், லாரியின் பின்தளமே மேடையாயிற்று, பாத்திரத்தின் பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வேடம் முடிந்தது. அந்நாடகங்களைப் பார்த்தவர்கள் உண்டா என்று பிள்ளைகளை வீட்டில் விசாரித்து வரச் சொல்லுங்கள். முதல் கதை அங்கேயே கிடைக்கலாம்.

கதை சொல்லலுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. நியூயார்க்கில் போர்ட்டோரிக்கோ வழிச் சிறுவர்களுக்கு அவர்களுடைய நாட்டுப்புறக் கதைகளைத் தாய்மாருடன் சேர்ந்து வாசித்து, பின் நடிக்கவும் வைத்தபோது அவர்களின் பதற்றம் குறைந்ததை, கோஸ்தான்தினோவும் உடன் ஆய்ந்தவர்களும் 1986-இல் வெளியிட்டார்கள். ஆனால், அவர்கள் மூன்றாம் வகுப்புக்கு உட்பட்ட சிறுவர்கள்; லத்தீன் அமெரிக்க வழிவந்தோரைச் சுட்டும் ‘லத்தீனோ’ என்ற ஒரே சொல் பல மக்களைக் குறிப்பதால், அக்கதைகளை அப்படியே எடுத்தாளாமல் உங்கள் பிள்ளைகளின் வீட்டுக் கதைகளையே நாடுங்கள்.

நடத்தும் முறைக்கு, பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் வகுத்த, பார்வையாளரும் காட்சிக்குள் வந்து நடிக்கும் ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ மிகவும் உகந்தது என்பது என் கருத்து. ஐந்து நிமிடக் காட்சி போதும். இன்சுலின் போட்டால் கண் போய்விடும் என்று அஞ்சி ஊசியை நிறுத்திவிட்ட பாட்டிக்கு மருத்துவமனையில் மொழிபெயர்க்கும் பதினைந்து வயதுப் பேத்தி, “ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்” என்று மருத்துவரிடம் பொய் சொல்கிறாள். இந்த அச்சமும், மொழிபெயர்க்கும் பாரமும் அக்குடும்பங்களுக்குப் பழகியவை. அங்கேயே காட்சியை நிறுத்தி, பார்வையாளர் ஒருவரைப் பேத்தியின் இடத்துக்கு வரவழைத்து வேறு விதமாகப் பேசிப் பார்க்கச் செய்யுங்கள். அதன்பின் இன்னொருவர் வரட்டும். சரியான விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கண்ணைக் கெடுப்பது இன்சுலின் அல்ல, நெடுநாள் கட்டுப்படாத சர்க்கரையே என்ற உண்மையை மட்டும் இறுதியில் ஒரு செவிலியர் விளக்கட்டும்.

ஒன்றில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருங்கள்: எந்தப் பிள்ளையும் தன் சொந்தத் துயரத்தைத் தன் பெயரில் நடிக்கக் கூடாது. குறிப்பாக, குடும்பத்தின் குடியேற்ற நிலை மேடையில் வெளிப்படவே கூடாது, ஒத்திகையையும் படம்பிடிக்காதீர்கள். மனச்சோர்வைத் தொடும் நாளில் உளவள ஆலோசகர் ஒருவர் உடனிருக்க வேண்டும். காட்சி முடிந்த பிறகு தனியே வந்து பேசத் தயங்கி நிற்கும் பிள்ளைக்காக அவர் அரை மணி நேரமாவது காத்திருக்கட்டும்.