கவனிக்கப்படாத கேம்கள்: உங்கள் கேள்விகள்

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டரில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' ஆடி வளர்ந்தவன் நான். அதை உருவாக்கியவர் வேறு ஏதாவது செய்திருக்கிறாரா? (திருநெல்வேலி வாசகர்)

செய்திருக்கிறார். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய சாதனை. ஜோர்டான் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு படமாக வரைந்துதான் 1989-ல் வந்த அந்த இளவரசனுக்கு மனித நடை கொடுத்தார். 1997-ல் வெளிவந்த 'தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்' கேமில் ஒரு ரயில் நிறையப் பயணிகளை அதே வழியில் உருவாக்கினார். நடிகர்களைப் படம்பிடித்து, அந்தக் காலத்துப் போஸ்டர் ஓவியம்போல வரைகோடுகளாக மாற்றியிருப்பார்கள்.

காலம் 1914 ஜூலை. முதல் உலகப் போர் வெடிக்கச் சில நாட்களே இருக்கின்றன. பாரிஸிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போகும் ஓரியன்ட் எக்ஸ்பிரஸில், ஓடும்போதே மோட்டார் சைக்கிளிலிருந்து தாவி ஏறுகிறார் ராபர்ட் கேத். அவராகத்தான் நீங்கள் ஆடுவீர்கள். நண்பனின் அறைக்கதவைத் திறந்தால் நண்பன் பிணமாகக் கிடக்கிறான். பிணத்தை என்ன செய்வது? அந்த முடிவை எடுப்பதற்குள் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

அந்தக் கடிகாரம்தான் இந்த கேமின் உயிர். நீங்கள் அறைக்குள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் பேச்சு நடந்துகொண்டேதான் இருக்கும். நீங்கள் இல்லையென்றால் அந்தப் பேச்சு உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். தவறவிட்டால் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி, வேறு பெட்டியில் போய் நிற்கலாம். ஓரிடத்தில் கச்சேரி ஒன்று வரும். வயலினும் பியானோவும். எல்லாரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். இருந்து கேட்பதா, ஆளில்லாத அறைகளைப் போய்த் துழாவுவதா? முதல் தடவை நான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். அதற்காக வருத்தப்படவே இல்லை.

வெளியாகிற சமயத்தில் கேமை வெளியிட்ட நிறுவனத்தின் விளம்பரக் குழுவே வேலையை விட்டுப் போய்விட்டது. விற்பனை படுத்துவிட்டது. கேமில் குறை இருந்து தோற்றதல்ல என்பதால்தான் எனக்கு ஆதங்கம். நடக்கும்போது படம் தத்தித் தத்தித்தான் நகரும். அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். ஸ்டீம் என்கிற இணைய கேம் கடையில் கிடைக்கிறது.

மகளுக்கு ஒன்பது வயது. துப்பாக்கி, ரத்தம் இல்லாமல் ஏதாவது சொல்லுங்கள் சார். (ஈரோடு வாசகி)

'எ ஷார்ட் ஹைக்', 2019. கிளேர் என்கிற பறவைப் பெண், போனுக்கு சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறுகிறாள். அவ்வளவுதான் கதை. வழியில் கிடைக்கிற தங்க இறகுகள் ஒவ்வொன்றுக்கும் இன்னும் கொஞ்சம் உயரம் ஏறலாம். மீன் பிடிக்கலாம், மேலே இருந்து மிதந்து இறங்கலாம். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

என் லேப்டாப் பழசு, கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மூளைக்கு வேலை வேண்டும். (வேலூர் வாசகர்)

'பாபா இஸ் யூ'. பின்லாந்துக்காரர் ஆர்வி டெய்காரி செய்தது. 'சுவர் – என்பது – தடை' என்று விதியே சொற்கட்டைகளாகத் தரையில் கிடக்கும். ஒரு கட்டையைத் தள்ளி வாக்கியத்தை உடைத்தால் சுவர் தடையாக இருக்காது, உள்ளே நடந்து போகலாம். ஆங்கிலத்தில் சில சொற்கள் தெரிந்தால் போதும். பழைய லேப்டாப்பே தாராளம்.

தமிழ் வாழ்க்கையைச் சொல்கிற கேம் என்று ஏதாவது இருக்கிறதா? (கோவை வாசகர்)

'வெண்பா'. கனடாவின் டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது. அப்படியும் நம் ஊரில் பேர் தெரிந்தவர்கள் குறைவு. எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம்; குடும்பத் தலைவி வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்தனுப்பிய, கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு. அழிந்த வரிகளை ஊகித்துத்தான் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஒழுங்காக மேலே ஏறும் என்று யோசிக்கும்போது, வீட்டில் ஆயிரம் தடவை பார்த்த இட்லிப் பானையை அன்றுதான் உற்றுப் பார்த்தேன். பிறகு, அந்தத் தமிழ் நோட்டைப் படிக்க மகன் திணறுகிற அத்தியாயம் வரும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு அது லேசில் கடக்க முடியாத இடம்.

துப்பறியும் நாவல் பைத்தியம் நான். கேம் ஆடியதே இல்லை. (சென்னை வாசகி)

அப்படியென்றால் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' உங்களுக்காகவே செய்ததுபோல இருக்கும். லூகாஸ் போப், 2018. காணாமல்போன சரக்குக் கப்பல் ஒன்று 1807-ல் ஆளில்லாமல் இங்கிலாந்துக் கரைக்கு வந்து சேர்கிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேரும் யார் யார், அவரவருக்கு என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும். கையில் ஒரு கடிகாரம். பிணத்தருகே அதைத் திறந்தால், அந்த ஆள் செத்த கணம் அப்படியே உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம்.

மாலுமிகள் தூங்கும் தளத்தில் வரிசையாகத் தொங்கும் ஹம்மக் படுக்கைகளில் சின்னதாக எண்கள் இருக்கும். நான் பலமுறை அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒருநாள் இரவு, பெயர்ப் பட்டியலில் உள்ள வரிசை எண்ணும் அதுவும் ஒன்றுதான் என்று புரிந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். இன்னும் சிலரைச் செருப்பை வைத்துத்தான் பிடிக்க முடியும். மூன்று பேரின் கதி சரியாக அமைந்தால்தான் கேம் ஒப்புக்கொள்ளும் என்பதால், குருட்டு ஊகம் அவ்வளவு எளிதில் எடுபடாது.

பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் யூடியூபுக்குப் போகாதீர்கள்; ஒருநாள் விட்டுவிட்டு வந்து மறுபடி பாருங்கள். விடை தெரிந்துவிட்டால் இதை இரண்டாம் தடவை ஆட முடியாது.