புள்ளிக்கணக்கும் இருவினையொப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமயவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 'தி குட் பிளேஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரை வைத்து மறுமை பற்றி எழுதுவதாகத் தலைப்புக் கொடுத்திருந்தேன். "இறையியல் நூல்களில் இருக்கிறது, சீரியலில் இல்லை" என்று துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் சொல்லிவிட்டார். வீட்டில் அண்ணனுக்கு வேறு வருத்தம். சொர்க்க நரகத்தைக் காமெடி ஆக்குகிறவர்களுக்கு ஆராய்ச்சி ஒரு கேடா என்கிறார். நெறியாளர் மட்டும்தான் ஆதரவு. ஆனால் அவர் கேட்பது, தொடரில் யார் கடவுளின் குறியீடு, யார் மீட்பர் என்று ஓர் அட்டவணை. அதைப் போடப் போட எனக்கே அலுப்பாக இருக்கிறது. சினிமா, சீரியலை வைத்து இறையியல் பேசுவது உருப்படியான வேலைதானா?

ச.

அன்புள்ள ச.,

இந்த மூன்று பேரில் உங்கள் ஆய்வைக் கெடுக்கப்போகிறவர் ஆதரிக்கிற நெறியாளர்தான். மற்ற இருவரைச் சமாளித்துவிடலாம்.

பேராசிரியருக்குப் பெரியபுராணம் பிறந்த கதையை நினைவூட்டுங்கள். அனபாய சோழன் சமண காவியமான சீவக சிந்தாமணியில் சொக்கிக் கிடந்தான், அவனை அதிலிருந்து திருப்பத்தான் அமைச்சர் சேக்கிழார் அடியார் வரலாற்றைப் பாடினார் என்று சைவ மரபு சொல்கிறது. அப்படியே நடந்ததோ என்னவோ, அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அரசன் பொழுதுபோக்காக எதைக் கேட்கிறான் என்பது அவர்களுக்கு இறையியல் கவலையாகவே இருந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு ஆள்தான் வேண்டுமென்றால் கிறிஸ்தவ இறையியலாளர் பால் டில்லிக் இருக்கிறார். பண்பாட்டின் உள்ளீடு சமயம், சமயத்தின் வடிவம் பண்பாடு என்று எழுதியவர்.

அண்ணனோடு வாதாட வேண்டாம். கூட உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடவுள் என்று ஒருவர் அந்தத் தொடரில் வருவதே இல்லை. அடி வாங்குவதெல்லாம் மேலுலகத்துக் கணக்கர்களும் கமிட்டிக்காரர்களும்தான்.

சரி, அட்டவணைக்கு வருவோம். 2004-இல் ஆன்டன் கார்ல் கோஸ்லோவிச் என்ற ஆய்வாளர், திரைப்படங்களில் வரும் கிறிஸ்து உருவகத்தை அடையாளம் காண 25 கூறுகளைத் தொகுத்தார். சிலுவை போலக் கை விரித்து நிற்பது, பன்னிரண்டு கூட்டாளிகள், கூடவே இருந்து காட்டிக்கொடுப்பவன், நீலக் கண்கள், ஜே.சி. என்று தொடங்கும் பெயர் என்றெல்லாம் போகிறது பட்டியல். நல்ல உழைப்பு. ஆனால் வலைக்கண் இவ்வளவு பொடியாக இருந்தால் எந்த மீன்தான் தப்பும்?

சூப்பர்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1938-இல் அவனை உலகுக்குத் தந்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூத இளைஞர்கள். அழியப்போகும் உலகிலிருந்து குழந்தையைக் கலத்தில் வைத்து அனுப்பிவிடும் பெற்றோர் கதையில், கூடையில் வைத்து ஆற்றில் விடப்பட்ட விவிலியக் குழந்தை மோசேயைப் பார்க்கிறவர்கள் உண்டு. 1978-இல் வந்த படத்தில் தந்தை தன் ஒரே மகனை மனிதர்களிடம் அனுப்புவதாகப் பேசுகிறார். மோசே கிறிஸ்து ஆகிவிட்டார். 2013-இல் 'மேன் ஆஃப் ஸ்டீல்' வந்தபோது நாயகனுக்கு வயது 33, இயேசு சிலுவையில் இறந்ததாகச் சொல்லப்படும் வயது. தேவாலயத்தில் பாதிரியாரிடம் யோசனை கேட்கிறான், பின்னால் கண்ணாடி ஓவியத்தில் இயேசு. போதாததற்குத் தயாரிப்பு நிறுவனமே போதகர்களுக்குச் சிறப்புக் காட்சி நடத்தி, பிரசங்கத்துக்குக் குறிப்பும் எழுதிக் கொடுத்தது. இதில் கிறிஸ்துவைக் 'கண்டுபிடித்து' ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர், விளம்பரப் பிரிவு வைத்துவிட்டுப் போனதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்.

உங்களுக்குக் கிடைத்திருப்பது இதைவிடக் கனமான சரக்கு. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 2016 முதல் 2020 வரை வந்த தொடர். மண்ணில் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் மேலே புள்ளி போடுகிறார்கள். கூட்டுத்தொகையைப் பொறுத்து நல்ல இடம் அல்லது கெட்ட இடம். மூன்றாவது சீசனில், 521 ஆண்டுகளாக ஒருவர்கூட நல்ல இடத்துக்குப் போகவில்லை என்று தெரியவருகிறது. காரணம் தேடும்போது இரண்டு பேருடைய கணக்கு அகப்படுகிறது. 1534-இல் ஒருவன் தானே ரோஜா பறித்து, நடந்து போய்ப் பாட்டிக்குக் கொடுத்தான். 145 புள்ளி. 2009-இல் இன்னொருவன் தன் பாட்டிக்கு அதே ரோஜாக்களைச் செல்பேசியில் ஆர்டர் செய்து கொடுத்தான். அவனுக்கு நான்கு புள்ளி குறைகிறது. ஏனென்றால் செல்பேசி செய்யப்பட்ட இடத்தில் உழைப்புச் சுரண்டல், பூவில் பூச்சிமருந்து, பறித்த தொழிலாளிக்கு அநியாயக் கூலி, பூ கடந்து வந்த தூரத்துக்குப் புகை.

சிரிப்புக் காட்சிதான். ஆனால் ஏழைகள் பக்கம் நின்று பேசும் விடுதலை இறையியலாளர்கள் கட்டமைப்புப் பாவம் என்று பக்கம் பக்கமாக எழுதியது இரண்டு பூங்கொத்தில் வந்துவிட்டது. பாவம் தனி ஆளின் செயலில் மட்டும் இல்லாமல் அமைப்பிலேயே படிந்திருந்தால், பாதிரியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் அந்த இரண்டாவது பேரன் எதைச் சொல்லி முழந்தாளிடுவான்? அவன் வேண்டுமென்று செய்யவில்லை. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும், விசாரிக்கவும் இல்லை. உங்கள் முதல் அத்தியாயம் இங்கே இருக்கிறது.

அடுத்தது டக் ஃபோர்செட். புள்ளி முறையை ஏறக்குறைய சரியாக ஊகித்துவிட்ட மனிதன். அதனாலேயே வாழ்நாள் முழுக்க நடுங்கி நடுங்கி நல்லது செய்கிறான். தவறி ஒரு நத்தையை மிதித்துவிட்டு அவன் படுகிற பாட்டைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் பிசைகிறது. இந்த ஆளைப் புரிந்துகொள்ள சைவ சித்தாந்தத்தைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை. தீவினை இரும்பு விலங்கு, நல்வினை பொன் விலங்கு, இரண்டும் விலங்குதான். இருவினையொப்பு என்பதைப் பலர் வரவு செலவு சமமாவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரு வினைப் பயனையும் ஒரே மனநிலையில் ஏற்பதை அது குறிக்கிறது. அந்தப் பக்குவத்தில்தான் சத்திநிபாதம், அருள் பதிவது. டக் அந்த இடத்துக்குப் போகவே முடியாது. அவன் கண் முழுக்கப் பயன்மேல்.

தொடரின் கதாசிரியர்களும் புள்ளியை வைத்தே இறுதித் தீர்ப்புச் சொல்வதைக் கடைசியில் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த இடத்தில் அருளை வைப்பதில்லை. செத்தவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சோதனை, தேறும்வரை. கிட்டத்தட்ட மறுபிறப்புதான், கடவுள் மட்டும் இல்லை. அருள் இல்லாமல், நல்ல நண்பர்களும் போதுமான அவகாசமும் இருந்தால் மனிதன் தேறிவிடுவான் என்கிறது தொடர். அருளை வலியுறுத்திய கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டினும் ஒப்புக்கொள்ளமாட்டார், சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டாரும் ஒப்புக்கொள்ளமாட்டார். அவர்கள் ஏன் மறுப்பார்கள் என்று விரிவாக எழுதுங்கள். பிறகு தொடர் அவர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்றும் எழுதுங்கள். பாதி இடங்களில் தொடரிடம் பதில் இல்லை. அதையும் தயங்காமல் எழுதலாம்.

கடைசி சீசனில் வரும் கதவை விட்டுவிடாதீர்கள். நல்ல இடத்தில் எல்லாம் கிடைத்து அலுத்துப்போனவர்கள், போதும் என்று தோன்றும்போது கடந்து போகிற கதவு. அப்புறம் அவர்கள் இல்லை. இதை வீடுபேறு என்பதா, வெறும் முடிவு என்பதா? பௌத்தர் ஒரு பதில் சொல்வார், சைவர் வேறு சொல்வார், கிறிஸ்தவர் இரண்டையும் ஏற்கமாட்டார். எனக்கு அந்த முடிவில் சம்மதமில்லை. ஆனால் உங்கள் ஆய்வில் நான் முதலில் புரட்டிப் பார்க்கப்போவது அந்தப் பகுதியைத்தான்.

நெறியாளர் அட்டவணையை விடமாட்டேன் என்றால் பின்னிணைப்பில் போட்டுவிடுங்கள்.