ஸ்னோமொபைல் (பனியில ஓட்டுற வண்டி) அலுமினியம் பாலிஷ்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, பம்பர்ல மெட்டல் பாலிஷ் போட்டு கை வலிக்க தேய்ச்சாச்சு. துணியில கருப்பே ஒட்டல, பளபளப்பும் வரல. பாலிஷ் டூப்ளிகேட்டா இருக்குமோ?

பாலிஷ் மேல பழி போடாதீங்க தம்பி. கருப்பு வரலன்னா நீங்க உலோகத்தையே தொடலன்னு அர்த்தம், மேல அனோடைசிங்கோ (மின்சாரத்தால உலோகத்து மேலயே உண்டாக்கின கெட்டி படலம்) கிளியர் கோட்டோ (நிறமில்லாத பெயின்ட் பூச்சு) இருக்கு. மல்டிமீட்டர கன்டினியூட்டில (மின்சாரம் பாயுதான்னு பாக்கிற மோடு) வச்சு ரெண்டு முனையையும் குத்தாம பக்கவாட்டுல படுக்க வச்சு தொடுங்க, பீப் வந்தா வெறும் அலுமினியம், வரலன்னா மேல ஏதோ கோட்டிங் இருக்கு. பெயின்ட் ரிமூவர் ஒரு ஓரமா தடவி பாருங்க, சுருங்கி உரிஞ்சா கிளியர் கோட், வேலை சுலபமா முடிஞ்சுது. ஒண்ணுமே ஆகலன்னா அனோடைசிங். அது அலுமினியம் ஆக்சைடு, எமரி பேப்பர்ல இருக்கிற அதே சரக்கு, அப்புறம் பாலிஷுக்கு எப்படி மசியும்?

அத எடுக்க சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கிற ஓவன் கிளீனர் (சமையல் ஓவன் கழுவுறது) போதும். ஆனா பார்ட்ட வண்டியில இருந்து கழட்டி, பேரிங் புஷ் எல்லாம் எடுத்துட்டு, மரை இருக்கிற ஓட்டைய அடைச்சுட்டு, வெட்டவெளியில, கிளவுஸும் கண்ணாடியும் போட்டு செய்யுங்க, ஏன்னா நுரைச்சு வர்றது ஹைட்ரஜன், பக்கத்துல நெருப்பு ஆகாது. கலர் போனதும் உடனே தண்ணியில கழுவிடணும், மறந்துட்டு போனீங்கன்னா அனோடைசிங்க தின்னுட்டு உலோகத்தையும் தின்ன ஆரம்பிச்சுடும். கழுவினப்புறம் மேல கருப்பா மசி மாதிரி நிக்கும், பயப்படாதீங்க, தேய்க்கிறப்போ போயிடும்.

கேள்வி: எந்த நம்பர் எமரி பேப்பர்ல ஆரம்பிக்கணும்? 400 போட்டுட்டு நேரா பஃபிங் வீலுக்கு (மெஷின்ல சுத்துற துணி சக்கரம்) போலாமா?

போலாம், பளபளன்னு கீறல் தெரியும். இதுலதான் முக்காவாசி பேர் கோட்டை விடுறாங்க, பளபளப்பு பாலிஷ்ல வர்றதில்ல, பேப்பர்லயே வந்துடுது, பாலிஷ் கடைசி கொஞ்சத்த முடிச்சு குடுக்குது, அவ்ளோதான். ஆழமான கீறல் இருந்தா 320, இல்லன்னா 400, அப்புறம் 600, 800, 1000, 1500, முடிஞ்சா 2000. தண்ணியில ரெண்டு சொட்டு டிஷ் சோப் விட்டு நனைச்சு நனைச்சு தேய்ங்க, பேப்பர் அடைக்காது. ஒவ்வொரு நம்பருக்கும் திசைய மாத்துங்க: 400 நீளவாக்குல போனா 600 குறுக்கு வாக்குல. இப்போ நீளவாக்குல ஒரு கோடு கண்ணுக்கு பட்டாலும் அது 400 விட்டுட்டு போன கோடு, அது போற வரைக்கும் 800அ கையில எடுக்காதீங்க. டார்ச்ச சாய்ச்சு அடிச்சு பாத்தா எல்லாம் தெரியும், நேரா அடிச்சா எல்லாமே நல்லாதான் இருக்கும்.

கேள்வி: பஃபிங் பண்றப்போ கருப்பு கருப்பா கோடு விழுது, தொடச்சாலும் போகல. ஏன்?

காம்பவுண்ட் (வீல்ல தடவுற பாலிஷ் கட்டி) அதிகம். வீல்ல லேசா ஒரு செகண்ட் காட்டினா போதும். முதல்ல பிரவுன் டிரிபோலி, தச்ச காட்டன் வீல்ல. அப்புறம் வெள்ளை காம்பவுண்ட், தளர்வான காட்டன் வீல்ல. ஒரு காம்பவுண்டுக்கு ஒரு வீல், மாத்தி போட்டா ரெண்டும் கெட்டுது. ஒட்டின கருப்ப கார்ன்ஃப்ளோர் தூவி சுத்தமான மைக்ரோஃபைபர்ல தொடச்சா வந்துடும். இன்னொண்ணு, பார்ட்ட வீலோட நடுவுக்கு கீழ்ப்பாதியிலதான் பிடிக்கணும், பார்ட்டோட ஓரம் வீல் சுத்தி வர்றதுக்கு எதிரா நிக்க கூடாது, நின்னா பிடுங்கி எறிஞ்சுடும். கை வைக்க முடியாத அளவு சூடானா நிறுத்திட்டு ஆற விடுங்க.

கேள்வி: ஸ்டீல் கிரைண்ட் பண்ற அதே மெஷின்ல பஃபிங் வீல் மாட்டலாமா சார்?

மெஷின முழுசா சுத்தம் பண்ணாம வேண்டாம். அலுமினியம் தூசியும் இரும்பு துருவும் சேர்ந்து கிடக்கிற இடத்துல பொறி விழுந்தா தெர்மைட். விளையாட்டு இல்ல. மாஸ்க்கும் போடுங்க.

கேள்வி: கழட்டினதுதான் கழட்டினோம், கிளட்ச் ஷீவையும் (பெல்ட் ஓடுற கப்பி) கண்ணாடி மாதிரி பண்ணிடலாமா?

தயவுசெஞ்சு வேண்டாம் ப்ரோ. பெல்ட் உரசுற முகம் அது, பாலிஷ் எண்ணெயும் மெழுகும் கொஞ்சம் நின்னாலும் பெல்ட் வழுக்கும், கிளட்ச் பேலன்ஸ் பண்ணின பார்ட் வேற. ஸ்காட்ச் பிரைட்டும் பிரேக் கிளீனரும் போட்டு சுத்தம் பண்ணுங்க, போதும். ரன்னிங் போர்டுல கால் வைக்கிற இடத்தையும் விட்டுடுங்க, பனி ஒட்டின பூட்ஸோட அதுல ஏறி நிக்கணும்ல. டனல் (சீட்டுக்கு கீழ இருக்கிற நீளமான உலோகக் கூடு) பக்கவாட்டு, பம்பர், ஹேண்டில்பார் இதெல்லாம் உங்க இஷ்டம், ரிவெட் தலைய மட்டும் தேய்ச்சு மெலிசாக்கிடாதீங்க.

கேள்வி: செயின்கேஸ் (செயின் ஓடுற பெட்டி) கவர் ரொம்ப லேசா இருக்கு, அதுவும் அலுமினியம்தானே?

சில மாடல்ல மெக்னீசியம். பெயின்ட் இல்லாத உள்பக்கம் ஒரு சொட்டு வினிகர் விடுங்க, குமிழ் குமிழா பொங்கினா மெக்னீசியம், அத மெஷின்ல தேய்க்காதீங்க. அந்த தூசி பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்த ஊத்த இன்னும் எரியும், காஞ்ச மணல்தான் போடணும்.

கேள்வி: ஸ்டீல் வுல் போட்டா வேகமா ஆகுமே?

ஆகும். இரும்பு துணுக்கு உள்ள பதிஞ்சு ஈரம் பட்டதும் அந்த இடத்துல அரிப்பு ஆரம்பிக்கும். வேணாம்.

கேள்வி: முடிச்சப்புறம் கிளியர் கோட் அடிச்சுட்டா திரும்ப வேலை இல்லையே?

கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கிற மேற்பரப்புல கிளியர் கோட் சரியா பிடிக்காது, கல்லு பட்டு ஒரு இடம் உடைஞ்சதும் அடியில புழு ஊர்ந்த மாதிரி அரிப்பு போகும், அத உரிச்சு எடுக்கிறது முதல் வேலைய விட பெரிய வேலை. என் ஓட்டு கார்னாபா வாக்ஸுக்குதான் (ஒரு வகை பனை மெழுகு). உப்பு போட்ட ரோட்ட கிராஸ் பண்ணிட்டு வந்தா வெறும் தண்ணியில கழுவிட்டு, வாக்ஸ் போனதும் திரும்ப போடுங்க. மங்கினா கையாலயே கொஞ்சம் பாலிஷ் போட்டா சரியாயிடும், மறுபடி பேப்பர் எடுக்க வேண்டியதில்ல.